கிணறு கெட்டா எந்தப் பாலிசி காசு குடுக்கும்?



போன லீவுல ஒரு ரீரோலிங் மில்லுல இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போயிருந்தேன். கடைசி நாள் ரிப்போர்ட்டுக்காக ஆபீஸ்ல இன்சூரன்ஸ் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தீப்பிடிச்சா ஒரு பாலிசி, மெஷின் பழுதானா ஒரு பாலிசி, லாரியில போற சரக்குக்கு ஒரு பாலிசி, வெளியாளுக்கு அடிபட்டா ஒரு பாலிசி. எல்லாம் வரிசையா இருந்துச்சு. "சார், ஆசிட் தண்ணி மண்ணுல இறங்கி பக்கத்துத் தோட்டத்துக் கிணறு கெட்டுப்போனா, இதுல எது காசு குடுக்கும்?"னு கேட்டேன். மேனேஜர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "அது ஆக்சிடென்ட் இல்லையே தம்பி"ன்னார்.

அவர் சொன்னது சரியான பதில்தான். ஆனா எனக்கு அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எங்க அம்மா ஊரு சென்னிமலைக்கு அந்தப் பக்கம், நொய்யல் கரை. அப்பிச்சி தோட்டத்துல கிணறும் இருக்கு, கிணத்துல தண்ணியும் இருக்கு. ஆனா அந்தத் தண்ணியில மாடு கூட வாய் வைக்காது. அதனால இந்த விஷயத்தை உட்கார்ந்து படிச்சேன். நம்மள்ல பாதிப் பேர் ஃபவுண்ட்ரி, ஸ்டீல், வால்வு கம்பெனிகளுக்குத்தான் வேலைக்குப் போகப்போறோம். அதனால படிச்சதை இங்க எழுதுறேன்.

ஸ்டீல் ஆலையில என்ன வெளிய வருது?

புகை கண்ணுக்குத் தெரியும், அதனால எல்லாரும் அதைப் பத்திப் பேசுவாங்க. மண்ணுக்குள்ள போறது தெரியாது. முக்கியமா மூணு விஷயம் சொல்லலாம்.

முதல்ல, ஃபர்னஸ் தூசி. பழைய இரும்பை எலக்ட்ரிக் ஆர்க் ஃபர்னஸ்ல உருக்கும்போது, ஒரு டன் ஸ்டீலுக்கு சுமார் 10 முதல் 20 கிலோ தூசி வடிகட்டியில சேரும். பழைய இரும்புல துத்தநாகம் பூசின தகடு, பெயின்ட் எல்லாம் கலந்திருக்கறதால, தூசியில துத்தநாகம், ஈயம், காட்மியம் இருக்கும். இதைத் திறந்தவெளியில கொட்டி வச்சா மழையில கரைஞ்சு இறங்கும்.

ரெண்டாவது, பிக்ளிங் கழிவு. கம்பியை இழுக்கறதுக்கு முன்னாடி, ஜிங்க் பூசறதுக்கு முன்னாடி, மேல இருக்கற துருவையும் செதிலையும் ஆசிட்ல முக்கி எடுப்பாங்க. உபயோகிச்ச ஆசிட்ல இரும்பு உப்பு நிறைய கரைஞ்சிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருந்தா குரோமியம், நிக்கலும் சேரும். 2016-ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகள்ல இது பட்டியல்லயே இருக்கு.

மூணாவது, பெரிய ஆலைகள்ல இருக்கற கோக் அவன். நிலக்கரியைக் காத்து படாம சூடாக்கும்போது தார், ஃபீனால், சயனைடு, அமோனியா எல்லாம் வரும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ரெண்டு ஆலைன்னு கற்பனை பண்ணிக்குங்க. முதல் ஆலையில ஒரு செவ்வாய்க்கிழமை ஆசிட் டேங்கர் கவுந்து 8,000 லிட்டர் ஒரே நாள்ல ஓடிடுச்சு. ரெண்டாவது ஆலையில பிக்ளிங் தொட்டிக்கு அடியில ஒரு விரிசல், மணிக்கு ஒரு லிட்டர் கசியுது. ஒரு நாளைக்கு 24 லிட்டர், வருஷத்துக்கு 8,760 லிட்டர். பத்து வருஷம் யாரும் கவனிக்கலைன்னா 87,600 லிட்டர். முதல் ஆலைக்கு டிவி கேமரா வரும், கலெக்டர் வருவார், இன்சூரன்ஸ்காரரும் வருவார். பத்து மடங்குக்கு மேல கசிஞ்ச ரெண்டாவது ஆலைக்கு யாரும் வரமாட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

1984 போபாலுக்கு அப்புறம்தான் நம்ம நாட்டுல இதுக்கு வேகம் வந்துச்சு. டெல்லியில 1985 டிசம்பர்ல ஸ்ரீராம் ஆலையில ஓலியம் வாயு கசிஞ்சது. அந்த வழக்குல 1986-ல உச்ச நீதிமன்றம், அபாயமான தொழிலை நடத்தறவர் "நான் கவனமாத்தான் இருந்தேன்"னு சொல்லித் தப்பிக்க முடியாது, சேதம்னா பொறுப்பு முழுசா அவருதுதான்னு தீர்ப்பு சொல்லுச்சு. 1996-ல வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்குல, மாசுபடுத்தறவரே காசு கட்டணும்ங்கற கொள்கை நம்ம நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு உறுதியாச்சு. கெட்டுப்போன மண்ணையும் தண்ணியையும் சரிபண்ற செலவும் அதுல அடங்கும்.

இன்சூரன்ஸ் பக்கம் 1991-ல பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்துச்சு. அறிவிக்கப்பட்ட அபாயப் பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல கையாள்ற ஆலைகள் பொதுவா பாலிசி எடுத்தே ஆகணும். பிரீமியத்துக்குச் சமமான தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் கட்டணும். பாதிக்கப்பட்டவர் அஞ்சு வருஷத்துக்குள்ள கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம், யார் தப்புன்னு நிரூபிக்கத் தேவையில்ல. நல்ல சட்டம்தான்.

ஆனா ரெண்டு இடத்துல இடிக்குது. ஒண்ணு, தொகை. 1991-ல போட்ட அட்டவணைப்படி உயிரிழப்புக்கு 25,000 ரூபாய், சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய். அட்டவணையை மாத்தற அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கு, அதனால மனு போடறவங்க அன்னைக்கு அமல்ல இருக்கற தொகையைப் பார்த்துக்கணும். இது உடனடி நிவாரணம் மட்டும்தான், மீதி நஷ்டத்துக்குத் தனியா வழக்குப் போடலாம். ரெண்டு, இந்தச் சட்டம் பேசறது விபத்தை. நம்ம ரெண்டாவது ஆலையில விபத்து எந்தத் தேதியில நடந்துச்சு? அஞ்சு வருஷத்தை எந்த நாள்ல இருந்து எண்ணறது?

ஒரத்துப்பாளையம் சொன்ன பாடம்

நம்ம ஊர்ப் பக்கம் இதுக்குப் பெரிய உதாரணம் ஸ்டீல் இல்ல, சாயம். ஆனா மெதுவா இறங்கற மாசு எதுல இருந்து வந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

வெள்ளியங்கிரி மலையில பொறந்து கோவை, திருப்பூர் வழியா வர்ற நொய்யலுக்குக் குறுக்க, சென்னிமலை பக்கத்துல ஒரத்துப்பாளையத்துல அணை கட்டினாங்க. 1992-ல முடிஞ்சது, செலவு சுமார் 16 கோடி. பாசனத்துக்குன்னு கட்டின அணையில திருப்பூர் சாயத் தண்ணி தேங்குச்சு. உப்பு மண்ணுலயும் கிணத்துலயும் இறங்குச்சு. எந்தத் தண்ணிக்காக அணை கட்டினாங்களோ, அந்த ஆயக்கட்டு விவசாயிகளே சங்கமா சேர்ந்து கோர்ட்டுக்குப் போனாங்க.

வேலூர் வழக்குக்கு அப்புறம் அமைச்ச சூழல் இழப்பு ஆணையம் 2004-ல 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடுன்னு கணக்குப் போட்டுச்சு. வகுத்துப் பாருங்க, ஒரு ஆளுக்கு சராசரியா 9,000 ரூபாய்க்கும் கம்மி. 2006-ல சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முழுசா நிறுத்தற வரைக்கும் லிட்டருக்கு 6 பைசால ஆரம்பிச்சு அபராதம் போட்டுச்சு. 2009-ல உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணுச்சு. அப்பவும் சரியாகாம, 2011 ஜனவரியில எல்லாச் சாயப்பட்டறையையும் மூடச் சொல்லி உத்தரவு வந்துச்சு. எத்தனை பேருக்கு வேலை போச்சுன்னு திருப்பூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அப்புறம் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு. அந்த வட்டியைச் சுமந்தது அரசாங்கக் கஜானா, அதாவது நாமளும்தான்.

ஸ்டீல்ல இதே கதை கனடாவுல நடந்துச்சு. நோவா ஸ்கோஷியா மாகாணத்துல சிட்னின்னு ஒரு ஊர். அங்க ஸ்டீல் ஆலையோட கோக் அவன் கழிவு பல பத்து வருஷமா ஓடையில சேர்ந்து தார்க் குளமே ஆயிடுச்சு. 1967-ல நஷ்டத்துல இருந்த ஆலையை அரசே எடுத்துக்கிச்சு. கடைசியில சுத்தம் பண்ண 2004-ல 40 கோடி கனடா டாலர் ஒதுக்கினாங்க. 2013-ல அந்த இடம் பூங்காவா திறந்தாச்சு. லாபம் பார்த்த பழைய முதலாளிங்க யாரும் அப்போ அங்க இல்ல, காசு கட்டினது வரி கட்டற ஜனங்கதான்.

அப்போ மெதுவான மாசுக்குப் பாலிசியே இல்லையா?

இருக்கு. சாதாரணப் பொறுப்புப் பாலிசியில மாசை விலக்கி வச்சிருப்பாங்க, இல்லன்னா திடீர்னு நடக்கற மாசை மட்டும் சேர்த்திருப்பாங்க. அமெரிக்காவுல 1980-ல சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்து பழைய கழிவுக்கெல்லாம் கம்பெனிகள்கிட்ட பில் போனப்போ, "திடீர்"ங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளும் ஆலைகளும் வருஷக்கணக்கா கோர்ட்டுல அடிச்சுக்கிட்டாங்க. 1986-ல இருந்து பொதுப் பாலிசிகள்ல மாசை அடியோட விலக்கிட்டாங்க. அந்த இடைவெளியில வளர்ந்ததுதான் மாசுப் பொறுப்புக் காப்பீடு. மெதுவான கசிவு, பக்கத்துக்காரர் நஷ்டம், மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் பண்ற செலவு, வழக்குச் செலவு எல்லாத்துக்கும் இதுல இடம் உண்டு. நம்ம நாட்டுலயும் கிடைக்குது.

ஆனா நிபந்தனைகளைப் பாருங்க. கிளெய்ம் பாலிசி நடப்புல இருக்கும்போதே வரணும். ஏற்கனவே தெரிஞ்ச மாசுக்குக் காசு வராது. வேணும்னே விதியை மீறினா வராது, அபராதத்துக்கும் பொதுவா வராது. பாலிசி குடுக்கறதுக்கு முன்னாடி மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் சோதிச்சு ரிப்போர்ட் கேப்பாங்க.

எனக்கு முக்கியமாப் படறது இந்தக் கடைசி நிபந்தனைதான். இன்னைக்கு நிலத்தடி நீர் எப்படி இருக்குன்னு அளந்து எழுதி வச்சிட்டா, நாளைக்கு மாறினது யாரால, எப்போன்னு சொல்ல முடியும். அந்த எண் கையில இல்லாததாலதான் விவசாயி வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு நடக்கறார். அந்த அளவை எடுக்கற வேலை வக்கீலோடதும் இல்ல, ஏஜென்டோடதும் இல்ல. நம்ம வேலை.

வேலைக்குச் சேர்ந்தா கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி

1. ஆசிட் தொட்டிக்கு அடியில என்ன லைனிங்? கடைசியா எப்போ காலி பண்ணிப் பார்த்தாங்க?
2. ஃபர்னஸ் தூசி கூரைக்கு அடியில இருக்கா, வெளியவா? எடுத்துட்டுப் போறவருக்கு அனுமதி இருக்கா?
3. வளாகத்துக்குள்ள கண்காணிப்பு போர்வெல் இருக்கா? ஆலை ஆரம்பிச்ச வருஷத்து ரீடிங் கிடைக்குமா?
4. வாங்கின ஆசிட், உபயோகிச்சது, கழிவா வெளிய போனது, மூணும் கணக்குல பொருந்துதா? பொருந்தலைன்னா மீதி எங்க?
5. இருக்கற பாலிசியில மாசுன்னு வர்ற பத்தி என்ன சொல்லுது?

நாலாவது கேள்வி செகண்ட் இயர்ல படிச்ச மாஸ் பேலன்ஸ்தான். அதுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும்னு அப்போ யாரும் சொல்லலை.

இதையெல்லாம் அப்பிச்சிகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ நம்ம கிணத்துத் தண்ணிய மொதல்ல அளந்து யாராச்சும் எழுதி வச்சிருந்தா ஆயிருக்கும்ல கண்ணு?"ன்னார். ஆமாங்க அப்பிச்சின்னேன். வேலைக்குச் சேர்ற இடத்துல நான் முதல்ல தேடப்போறது அந்த ரீடிங்கைத்தான்.