படம் எடுக்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு

பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் உழைத்துப் பிழைத்த ஆமத்தூர் வட்டாரத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது சினிமாவை நாடுவது சந்தோஷத்துக்குரியதே. ஆயினும், சிநேகிதன் சேர்ந்தான் என்பதற்காக ஒருவனும், "உன் பேரு போஸ்டர்ல வரணும்லே" என்று தகப்பனார் ஆசைப்பட்டதற்காக மற்றொருவனும், தம் சுபாவம் எதற்கு இசையும் என்று ஒரு கணமும் யோசியாமல் இத்துறையில் இறங்குவதைக் காணும்போது, இதை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

தரமணியிலும் புணேயிலும் கொல்கத்தாவிலும் அரசாங்கத் திரைப்படக் கல்லூரிகள் உள்ளன, இடங்கள் சொற்பம், கிடைத்தால் சேருங்கள். உதவி இயக்குநராவது மற்றொரு மார்க்கம்; பேட்டாவை நம்பிச் சென்னையில் காலந்தள்ள வேண்டியிருந்தாலும் தொழில் கைவரும். ஷங்கரிடம் உதவியாளராயிருந்த விருதுநகர் வசந்தபாலன், 2006-இல் 'வெயில்' எடுத்துத் தேசிய விருது பெறவில்லையா?

நான் அஞ்சுவது, நிலத்தையோ கடையையோ அடகு வைத்து, எடுத்த எடுப்பில் முழுநீளப் படமெடுத்துச் சொந்தமாக வெளியிடும் மார்க்கத்தைக் குறித்தே. படம் முடிந்த பிறகுதான் செலவின் இரண்டாம் அத்தியாயம் ஆரம்பமாகிறது: தணிக்கை, விளம்பரம், போஸ்டர், ஒவ்வொரு திரைக்கும் கட்ட வேண்டிய டிஜிட்டல் கட்டணம். அக்கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச்சில் தயாரிப்பாளர் சங்கமே புதுப்பட வெளியீட்டை நிறுத்திப் போராட நேர்ந்ததென்றால், தனியொரு புதியவனின் கதி என்ன? விநியோகஸ்தர் 'மினிமம் கியாரண்டி' கொடுப்பது பிரபல நடிகரின் முகத்துக்கு. முகமறியாதவன், நம் ஊரும் அடங்கிய மதுரை–ராமநாதபுரம் ஏரியாவில், தியேட்டருக்குத் தானே வாடகை கட்டி ஒரு காலைக் காட்சியைப் பெற்றாலும், வெள்ளிக்கிழமை வந்த படம் திங்கட்கிழமை இருக்குமென்பதற்கு உத்தரவாதமில்லை.

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டுப் போஸ்டரை அடித்துக் கட்டி வைப்போம். வெளியீடு நிச்சயமானதும் 'இன்று முதல்' என்ற துண்டை அடித்து மேலே ஒட்டுவார்கள். அந்தத் துண்டுக்கு ஆர்டரே வராமல், மேல்தாள் வெளுத்து, ஓரம் கரையானரித்து, கடைசியில் பழைய காகித விலைக்கு எடைபோட்ட கட்டுகளை என் கையாலேயே தூக்கியிருக்கிறேன். அவற்றில் அச்சான பெயர்களில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுடையனவும் உண்டு.

விருது வாங்கினால் விற்றுவிடலாமென்பர் சிலர். ரோட்டர்டாம் விழாவில் 2021-இல் முதற்பரிசு பெற்ற வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2023-இல்தான் இணையத் தளத்தில் வெளியாயிற்று. தேசிய விருது பெற்ற செழியனின் 'டூலெட்' அதன் பின்னரே, 2019-இல், திரையரங்குக்கு வந்தது. அத்தகைய சிருஷ்டிகளே காத்திருக்கையில், மாதந்தோறும் ஏறும் வட்டி காத்திருக்குமா?

ஆகவே ஆவணப்படத்தை நாடுங்கள் என்பேன். நம் பக்கத்துக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றிச் சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' எந்த நட்சத்திரத்தின் தயவிலும் உருவானதன்று. மதுரையில் ஆவணப்பட இயக்குநர் அமுதன் 1998 முதல் இத்தகைய படங்களுக்கென விழா நடத்தி வருகிறார். கல்லூரியிலும் தொழிற்சங்கக் கூடத்திலும் திரையிட ஒரு புரொஜெக்டரும் வெள்ளைத் துணியும் போதும். வரும்படி சொற்பமே எனினும் வீடு அடகுக்குப் போவதில்லை.

ஆனால் இதற்கு வேண்டிய பிரதான மூலதனம் பொறுமை. மனிதரோடு பழகுவதில் சலிப்புள்ளவன், எத்தனை உயர்ந்த கேமராவை வாங்கினாலும், படத்தொகுப்போ ஒலியமைப்போ கற்று அதில் தேர்ச்சி பெறுவதே உசிதம். அதுவும் கௌரவமான வித்தையே. பழகும் இயல்புள்ளவன் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு முதலில் வெறுங்கையோடு போகட்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்ததே, அதுவரை சரம் பின்னிக் கூலி வாங்கிய பெண்கள் அதன்பின் எந்த வேலைக்குப் போனார்கள், அந்தக் கூலி என்ன, வாங்கிய கடனை எப்படி அடைத்தார்கள் என்பதைத் தன் தெருவிலுள்ள அக்காமாரிடமும் மதினிமாரிடமும் திண்ணையில் உட்கார்ந்து அவன் கேட்டு வரட்டும்; அவர்களே 'சரி, எடுத்துக்கோ' என்று சொல்லும் வரையில் பொத்தானை அழுத்த வேண்டாம்.