பி.எம்.கிசான் பெயரில் போலிச் செய்திகள்: கண்டறியும் முறை

பி.எம்.கிசான் திட்டத்தில், தகுதியுள்ள விவசாயக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. 2019-ஆம் ஆண்டு தொடங்கிய இத்திட்டத்தின் பெயரைச் சொல்லியே விவசாயிகளின் சேமிப்பைக் களவாடும் மோசடி நடைபெற்று வருகிறது.

ஏமாற்றும் விதம்

"தவணை நிறுத்தப்பட்டுள்ளது, இன்றே கே.ஒய்.சி. முடிக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். உடன் வரும் கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடியும். அதைத் தொட்டு கைபேசியில் ஏற்றினால், எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். அனுமதி கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் மோசடிக்காரருக்கும் போய்ச் சேரும். யாரிடமும் எதையும் சொல்லாமலேயே கணக்கில் உள்ள பணம் போய்விடுவது இப்படித்தான்.

தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் இக்கோப்பைத் திறக்கக் கூடாது. அவருடைய வாட்ஸ்அப் கணக்கே பறிபோயிருக்கலாம்.

உண்மையை அறிய

1. இ-கே.ஒய்.சி. உண்மையில் தேவையான ஒன்றே. ஆகவேதான் பலரும் இச்செய்தியை நம்பிவிடுகின்றனர். அதைத் திட்டத்தின் இணையதளத்திலோ, பொது சேவை மையத்தில் விரல் ரேகை வைத்தோ முடிக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு எதுவும் தேவையில்லை.

2. திட்டத்தின் இணையதளப் பெயர் 'ஜி.ஓ.வி., புள்ளி, ஐ.என்.' என்று முடியும். அதன்பின் புள்ளி வைத்து 'காம்' போன்ற வேறு சொல் தொடர்ந்தால் அது போலி.

3. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைப் போட்டால் பணம் கணக்கிலிருந்து வெளியேதான் போகும். "பணம் வர பின் எண் போடுங்கள்" என்றால் அது மோசடி.

4. "இன்றே, இப்போதே" என்று அவசரப்படுத்தினால் நிதானிக்க வேண்டும். உதவி வேளாண்மை அலுவலரிடம் விசாரிக்க ஒரு நாள் ஆனாலும் பாதகமில்லை.

ஏமாந்துவிட்டால்

கைபேசியை உடனே அணைத்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். வங்கிக்கும் தெரிவித்து கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். திருடிய பணத்தை மோசடிக்காரர்கள் பல கணக்குகளுக்கு விரைந்து மாற்றிவிடுவர். வழியிலேயே தடுத்து நிறுத்தினால்தான் மீட்க வாய்ப்புண்டு. ஆகவே நிமிடக் கணக்கும் முக்கியம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கைபேசியிலிருந்து அந்தச் செயலியை நீக்கும்வரை அதில் வங்கி வேலை எதுவும் செய்யக் கூடாது.

வெட்கப்பட்டு மறைத்தால் திருடனுக்கே அவகாசம் கிடைக்கும். உடனே சொன்னால் பணத்தை மீட்க வழி பிறக்கும். அடுத்த வீட்டுக்காரரும் எச்சரிக்கை அடைவார்.