மறைவிட நோய்: பூஞ்சையா, பாக்டீரியாவா?

தணிக்கைக்காகச் சென்றிருந்த ஒரு சங்கத்தில், கைதேர்ந்த நெசவாளர் ஒருவரின் கூலி இரண்டு மாதங்களாகப் பாதியாய்க் குறைந்திருக்கக் கண்டோம். காரணம் வினவினோம். மறைவிடத்தில் அரிப்பு, தறிக்குழியில் உட்கார முடியவில்லை என்று தனிமையில் கூறினார். கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவத் தடவ நோய் பரவிற்றேயன்றிக் குறையவில்லை. மருத்துவரிடம் சென்ற பின்னரே, அது பூஞ்சை நோய் என்பதும், உள்ளே நீரிழிவு மறைந்திருந்தது என்பதும் புலனாயின. பிற அங்கத்தினர்களும் வெட்கத்தால் இவ்வாறு துன்புறலாகாது என்றே இதனை எழுதுகிறோம்.

பூஞ்சை ஈரத்திலும் வியர்வையிலும் வளர்வது. அதன் முதல் அடையாளம் அரிப்பு. தொடையிடுக்கில் வளையமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்திருப்பின் அது பெரும்பாலும் படர்தாமரை. முன்தோலின் அடியில் சிவந்து, தயிர்த்திப்பி போன்ற வெண்படலம் சேர்ந்தால் கேண்டிடா என்னும் பூஞ்சை எனக் கருதலாம். நீரிழிவு உள்ளோரை இது அடிக்கடி பற்றும்.

பாக்டீரியாவினால் வரும் நோயில் வலி, வீக்கம், துர்நாற்றம், சீழ் ஆகியவை மிகுதி. சில வேளை காய்ச்சலும் உண்டு. சிறுநீர்த் துவாரத்தில் சீழ் வடிந்து, நீர் கழிக்கையில் எரிந்தால் அது கொனோரியா போன்ற பால்வினை நோயாகலாம். சிபிலிஸ் நோயின் முதற்புண் பெரும்பாலும் வலியற்றது. வலியில்லை என்று அதனைப் புறக்கணித்தல் கூடாது. இத்தகைய நோய்களில் மனைவிக்கும் உடன் சிகிச்சை வேண்டும். இன்றேல் நோய் திரும்பவும் தொற்றும்.

மருந்துகளும் வெவ்வேறானவை. 1928இல் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் பாக்டீரியாவைக் கொல்லும். பூஞ்சையை ஒன்றும் செய்யாது. 1950இல் ஹேசன், பிரவுன் என்னும் அமெரிக்கப் பெண்மணிகள் அறிவித்த நிஸ்டாட்டின் கேண்டிடாவை அழிக்கும், பாக்டீரியாவைத் தொடாது. பாக்டீரியா மருந்தை வீணே உட்கொண்டால், காவலாயுள்ள நல்ல கிருமிகள் மடிந்து பூஞ்சை பெருகவும் கூடும். ஸ்டீராய்டு கலந்த களிம்போ சிவப்பை மறைத்துப் படர்தாமரையைப் பரவவிடும்.

அடையாளங்கள் சில வேளை கலந்து தோன்றும். அப்பொழுது கசிவையோ தோற்செதிலையோ பரிசோதித்தே மருத்துவர் முடிவு செய்வார். விதைப்பையில் திடீரென்று கடும் வலி கண்டாலும், பின்தள்ளிய முன்தோல் மீளாவிடினும் அக்கணமே மருத்துவமனைக்குச் செல்க.

நாள்தோறும் நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த பருத்தி உள்ளாடை அணிக. ஒருவர் துண்டை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. மருத்துவரிடம் மூன்றைத் தவறாது சொல்லுக: எப்பொழுது தொடங்கிற்று, சீழ் உண்டா, இதுவரை தடவிய களிம்பு எது.