நாலு யூனிட் ரத்தம் எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. ஹெபடைடிஸ் பி-யால் சிரோசிஸ் வந்து, இப்போது கல்லீரலின் வலப்பக்கம் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனுக்கு நாலு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். அவ்வளவு ரத்தம் போகுமா, டாக்டர்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஏற்பாடு செய்யச் சொன்னதாலேயே நாலு யூனிட்டும் ஏற்றுவார்கள் என்று நினைக்காதீர்கள், அம்மா. நல்ல அனுபவமுள்ள மையங்களில் இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் பலருக்கு ஒரு யூனிட்கூடத் தேவைப்படுவதில்லை. ஆனாலும் ரத்தம் கையில் இல்லாமல் யாரும் கத்தியைத் தொடமாட்டோம். கல்லீரல் வழியாக நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது.

அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையிலும், மீதி தமனியிலும் வருகிறது. இரண்டும் ஒரே தண்டாகச் சேர்ந்துதான் உள்ளே நுழைகின்றன. கிளாஸ்கோ சர்ஜன் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், அடிபட்டுக் கல்லீரல் கிழிந்தவர்களுக்கு அந்தத் தண்டை விரல்களால் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்பதை 1908ல் எழுதினார். இன்றும் அதைத்தான் செய்கிறோம். தண்டைச் சுற்றி ஒரு டேப்பைப் போட்டு 15 நிமிடம் இறுக்குவோம், 5 நிமிடம் தளர்த்துவோம். சிரோசிஸ் வந்த கல்லீரல் ரத்தமில்லாமல் அதிக நேரம் தாங்காது என்பதால், உங்கள் அப்பா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

இந்த டேப் ரத்தம் வரும் வழியை மட்டுமே அடைக்கும். கல்லீரலிலிருந்து வெளியே போகும் சிரைகளின் சுவர் மெல்லியது. பெருஞ்சிரையில் அழுத்தம் கூடினால் அவற்றின் வழியே ரத்தம் பின்னோக்கி வந்து கொட்டும். அதைத் தடுப்பது மயக்க மருந்து டாக்டர். வெட்டி முடிக்கும்வரை சலைனை அளந்து கொடுத்து, மைய சிரை அழுத்தம் எனப்படும் அந்த அழுத்தத்தை 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் வைத்திருப்பார். சர்ஜன் யார் என்று நாலு இடத்தில் விசாரிக்கும் குடும்பங்கள் இவரைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேளுங்கள், பாதி வேலை அவருடையது.

வெட்டுவதும் ஒரே வீச்சில் நடப்பதில்லை. அல்ட்ராசானிக் கருவி கல்லீரல் திசுவை மட்டும் பொடித்து உறிஞ்சிவிடும். நடுவில் ரத்தக் குழாய்கள் வெள்ளை நூல்கள் போல அறுபடாமல் நிற்கும். ஒவ்வொன்றையும் கிளிப் போட்டோ முடிச்சிட்டோ பிறகுதான் அறுப்போம். நேரம் எடுக்கும்தான். ஆனால், அறுத்துவிட்டு ரத்தத்துக்குள் குழாயைத் தேடுவதைவிட இதுவே பாதுகாப்பு.

ரத்தப்போக்கை நிறுத்த ஊசி போடக்கூடாதா என்றும் கேட்பார்கள். டிரானெக்சாமிக் ஆசிட் பற்றி 2024ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், கல்லீரல் ஆபரேஷனில் அது ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கவில்லை, சிக்கல்கள்தான் கூடின.

அப்பா ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரையோ நாட்டு மருந்தோ சாப்பிட்டால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ரத்தசோகை இருந்தால் முன்கூட்டியே சரிசெய்யப் பார்ப்பார்கள்.

இன்னொன்று. ஹெபடைடிஸ் பி குடும்பத்துக்குள் பரவியிருக்கலாம். அப்பாவுக்காக ரத்தம் கொடுக்கப் போகும் முன் நீங்களும் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் அதற்கான பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இருந்தால் ரத்தம் கொடுக்க முடியாது, ஆனால் சிகிச்சை இருக்கிறது. இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.