கடைசி பெஞ்சின் கேள்வி

ஜூன் 26, சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினம். பிளஸ் ஒன் வகுப்பில் உறுதிமொழி வாசித்து முடித்ததும், கறுத்த நுரையீரல், எலும்பும் தோலுமான உடம்பு என்று சில படங்களைக் காட்டினேன். "ஒரு தடவை தொட்டால் வாழ்க்கையே முடிந்தது" என்றேன்.

"தொட்ட எல்லாருக்கும் இப்படி ஆயிடுமா சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது. "வாயாடாதே, உட்கார்" என்று அடக்கினேன். நான்கு மாதம் கழித்து அவன் அம்மா ஆசிரியர் அறைக்கு வந்து அழுதபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஜூன் மாதத்திலேயே அவன் வலி மாத்திரையை இரண்டு முறை போட்டுப் பார்த்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. ஆகவே நான் சொன்னது அவனுக்குப் பொய்யாகப் பட்டிருக்கிறது. உதவி கேட்க எழுந்தவனை நான் உட்கார வைத்துவிட்டேன்.

எச்சரித்தால் போதும் என்று நினைக்கும் இந்தத் தவற்றை அமெரிக்காவும் பெரிய அளவில் செய்திருக்கிறது. 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையும் அங்குள்ள பள்ளி நிர்வாகமும் சேர்ந்து 'டேர்' என்ற திட்டத்தைத் தொடங்கின. சீருடைப் போலீஸ்காரர் வகுப்புக்கே வந்து போதையின் கேடுகளை விளக்குவார். திட்டம் நாடு முழுவதும் பரவியது. ஆய்வாளர்கள் பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2001இல் அந்நாட்டின் தலைமைச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை, பலன் தராத திட்டங்களோடு அதையும் சேர்த்தது. 2009 முதல் 'டேர்' வேறு பாடத்துக்கு மாறியது. நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது, எப்படி அந்த இடத்தைவிட்டு நகர்வது என்று பிள்ளைகளே பழகும் பாடம் அது.

அந்த மாணவனுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவை சில.

முதலில் கேட்க வேண்டும். "நீ போடுறியா?" என்பது விசாரணை. "இல்ல" என்ற ஒரு சொல்லில் பிள்ளை அதை முடித்துவிடுவான். "பசங்க இதப்பத்தி என்னடா பேசிக்கிறாங்க?" என்றால் பேச்சு வளரும். வகுப்பில் பெயர் எழுதாத சீட்டுகளில் கேள்விகள் வாங்கத் தொடங்கினேன். 'கஞ்சா மூலிகைதானே?' 'டாக்டர் எழுதித் தர்ற மாத்திரை எப்படி போதையாகும்?' 'கூல் லிப் சிகரெட் மாதிரி இல்லையே?' இத்தனை கேள்விகளை வைத்துக்கொண்டுதான் அவர்கள் உறுதிமொழி வாசித்திருக்கிறார்கள்.

அடுத்து, கூட்டாமல் குறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். கூல் லிப் உதட்டுக்குள் வைக்கும் புகையிலை. புகை வராவிட்டாலும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி அது. கஞ்சா செடிதான். ஆனால் முடிவெடுக்கும் மூளைப் பகுதி முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. அதற்குள் அடிக்கடி புகைத்தால் ஞாபகமும் கவனமும் கெடும். சிலருக்கு மனச்சிதைவு வரைக்கும் போகும். டபெண்டடால் போன்ற வலி மாத்திரைகள் அபினின் வேலையைச் செய்பவை. அளவு மீறினால் மூச்சு மந்தமாகும், மதுவும் சேர்ந்தால் நின்றே போகலாம். அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவர்களுக்கு மாத்திரையின் கரையாத துகள் ரத்தக் குழாயை அடைக்கலாம். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சியும் தொற்றலாம். முதல் தடவை சுகமாகத் தோன்றும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு அதே சுகத்துக்கு அந்த அளவு போதாமல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடைசி பெஞ்சின் கேள்விக்கும் இப்போது பதில் வைத்திருக்கிறேன்: "எல்லாருக்கும் ஆகாதுப்பா. ஆனா யாருக்கு ஆகும்னு முன்கூட்டியே சொல்ல யாராலயும் முடியாது."

மறுக்கும் வார்த்தையையும் கையில் கொடுக்க வேண்டும். நண்பனிடம் வெறும் "வேண்டாம்" சொல்வது பதினாறு வயதில் லேசான காரியமில்லை. "நாளைக்கு மேட்ச் இருக்கு மச்சி", "எங்கம்மா மோப்பம் பிடிச்சிடும்டா" போன்றவை வாயில் வரும். ஒரு மாணவனின் அப்பா மகனிடம் சொல்லி வைத்திருந்தார்: "பழிய எம்மேல போடு. எந்நேரமானாலும் போன் பண்ணு, வந்து கூட்டிட்டுப் போறேன். அன்னைக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன்." இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

பேச்சு மட்டும் போதாது என்பதற்கு ஐஸ்லாந்து சாட்சி. 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியிருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதமாக இறங்கியது. கஞ்சாவைத் தொட்டவர்கள் 17இலிருந்து 7 சதவீதமானார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது, பெற்றோர் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், பிள்ளைகள் இரவில் இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. அதைப் படித்த பிறகு எங்கள் பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் ஏழு மணி வரை திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

பிள்ளை பழகிவிட்டான் என்று தெரிந்தால் அடிக்காதீர்கள், அறையில் பூட்டி வைக்காதீர்கள். வலி மாத்திரையைத் திடீரென நிறுத்தும்போது உடல் வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். மருத்துவர் துணை வேண்டும். சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுப்பவர்களுக்கு உயிராபத்து அதிகம், உடம்பு அதற்குள் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பலர் பயந்து மறைக்கிறார்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாகவே முன்வந்து சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது.

என் மாணவனை அவன் அம்மா மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஒரு வருடம் வீணானாலும் மறுபடி வந்து பிளஸ் டூ முடித்தான். அந்த அம்மாவுக்கு அன்று நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய எண்கள் இப்போது வகுப்புச் சுவரில் இருக்கின்றன. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத அரசு உதவி எண்கள். உங்கள் போனிலும் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.