கப்பலில் பயணம் செய்வோர் அறிய வேண்டியவை



தரையில் பேருந்து பழுதானால் இறங்கி நடக்கலாம். நடுக்கடலில் அதற்கு வழி இல்லை. ஆகவே கப்பற் பயணத்திற்கென்று சில விதிகளை அறிந்திருப்பது நலம்.

முதலாவது, அறை. அலையில் கப்பல் ஆடும்போது முன்முனையும் பின்முனையுமே மிகுதியாக ஏறி இறங்கும். நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. உயரத் தளங்களில் ஆட்டம் அதிகம். எனவே தலைச்சுற்றும் வாந்தியும் வரக்கூடியவர்கள் கீழ்த்தளத்தில் நடுவே அறை கேட்பது நல்லது. நம் உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண்ணோ அசைவே இல்லை என்கிறது. இந்த முரண்பாடே கடல்நோய்க்குக் காரணம். வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தணியும்.

இரண்டாவது, நேரம். பூமி 15 பாகை சுழல ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகவே நெடுந்தொலைவு கிழக்கே செல்லும் கப்பலில் கடிகாரத்தை முன்னே தள்ளுவர். மேற்கே சென்றால் பின்னே தள்ளுவர். துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கச் செல்வோர், திரும்ப வேண்டிய நேரம் கப்பல் நேரமா ஊர் நேரமா என்று கேட்டறிந்து செல்ல வேண்டும். தாமதித்தவருக்காகக் கப்பல் காத்திருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

மூன்றாவது, தூய்மை. பல்லாயிரம் பேர் ஒன்றாக உண்ணும் இடத்தில் வயிற்றுப்போக்கு எளிதில் பரவும். நோரோ வைரசுக்குக் கைத்தெளிப்பான் மட்டும் போதாது; சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அபாய ஒத்திகை. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் ஏறத்தாழ 2,200 பேர் இருந்தனர். படகுகளிலோ 1,178 பேருக்கே இடம். அந்த இடமும் நிரம்பவில்லை. சுமார் 700 பேரே பிழைத்தனர். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியது. 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 முதல் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே ஒத்திகை நடத்த வேண்டும் என்று விதி மாற்றப்பட்டது.

ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது அபாய அறிவிப்பு. அப்போது மின்தூக்கியில் ஏறாமல் படிவழியே தமக்குரிய கூடுமிடத்திற்குச் செல்ல வேண்டும். பெட்டியை எடுக்கத் திரும்பக் கூடாது. உயிர்காப்பு அங்கியை அணியும் முறையை முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டும்.

பள்ளியில் தீ ஒத்திகை மணி அடிக்கும்போது சிரித்துப் பேசி நிற்பவள், கப்பலிலும் அப்படித்தான் நிற்பாள். இன்று வரிசையில் ஒழுங்காக நடக்கப் பழகியவளுக்கோ, ஆபத்து வேளையில் கால்கள் தாமாகவே வழி அறியும்.