பீங்கான் காய்ந்தது, பிளாஸ்டிக் ஏன் ஈரம்?



பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடி நிற்கிறது. கதவைத் திறந்தால் தட்டில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. “இயந்திரம் கெட்டுவிட்டது, ஆளைக் கூப்பிடு” என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். ஆள் வந்து பார்த்தாலே கட்டணம் உண்டு. ஆனால் பல நேரங்களில் இயந்திரத்தில் கோளாறே இருக்காது. அறிவியல் பாடத்தில் கற்ற முறையிலேயே காரணத்தை நீங்கள் தேடலாம்.

நான்கு காரணிகள்

அழுக்கை நீக்க நான்கு காரணிகள் சேர்ந்து உழைக்கின்றன: நீரின் விசை, வேதிப்பொருள், வெப்பநிலை, நேரம். ஜெர்மனியின் ஹெர்பர்ட் சின்னர் 1959இல் இவற்றை ஒரே வட்டத்தின் நான்கு பங்குகளாகக் காட்டினார். ஒரு பங்கு குறைந்தால் மற்றொன்று கூட வேண்டும். மின்சிக்கன முறையில் நீரின் சூடு குறைவு. அதனால்தான் அது அதிக நேரம் ஓடுகிறது. ஆகவே, “எந்தப் பங்கு குறைந்தது?” என்று கேளுங்கள். செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

1. நீரின் விசை

சுழல் கையின் துளைகளிலிருந்து நீர் பீய்ச்சும்போது, அதன் எதிர்விசை கையைச் சுழற்றுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. சோற்றுப் பருக்கையோ மிளகாய் விதையோ துளையை அடைத்தால் விசை குறையும். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரண்டிக் காம்பு போதும், கை சுழலாமல் நின்றுவிடும். இயந்திரம் ஓடுமுன் கையை விரலால் சுற்றிப் பாருங்கள். அடியிலுள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். நீர் படாத இடம் சுத்தமாகாது.

2. வேதிப்பொருள்

இயந்திரத்துக்கான சவர்க்காரம் பலவற்றில் நொதிகள் உண்டு. நம் உமிழ்நீரில் உள்ளதைப் போலவே அமிலேஸ் மாவுச்சத்தைச் சிதைக்கிறது. புரோட்டியேஸ் முட்டை, இறைச்சியின் புரதத்தைச் சிதைக்கிறது. ஈரத்தில் கிடந்த தூளும் பழைய மாத்திரையும் வலுவிழந்திருக்கலாம். கையால் கழுவும் சவர்க்காரத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதன் நுரையோடு காற்றும் பம்புக்குள் போகும். நீரின் விசை விழுந்துவிடும்.

3. வெப்பநிலையும் நேரமும்

நாசி லெமாக் சம்பலின் எண்ணெய் படிந்த தட்டுக்கு விரைவு முறை போதாது. அதில் நேரம் குறைவு. உலர்த்தும் கட்டமே இல்லாத இயந்திரங்களும் உண்டு. முழு முறையில் ஓடி முடிந்த உடனேயும் தட்டுகள் குளிர்ந்தே இருந்தால், சூடேற்றும் பாகத்தைச் சந்தேகிக்கலாம். அப்போது ஆளைக் கூப்பிடுவதே சரி.

காயாததற்குக் காரணம்

பல இயந்திரங்கள் காற்று ஊதி உலர்த்துவதில்லை. கடைசி அலசலில் சூடான பாத்திரம், தன் வெப்பத்தைக் கொடுத்தே மேலுள்ள நீரை ஆவியாக்குகிறது. கனமான பீங்கான் தட்டு நிறைய வெப்பத்தைத் தேக்கி வைக்கும். லேசான பிளாஸ்டிக் டப்பா விரைவில் குளிர்ந்துவிடும். மேலும், பிளாஸ்டிக்கில் நீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். அலசு திரவம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், நீர் மெல்லிய படலமாகப் பரவி வழிந்துவிடும். அந்தத் திரவம் தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழிவான பாத்திரங்களைச் சாய்த்து வையுங்கள்.

கண்ணாடியில் வெண்படலமா?

ஒரு சொட்டு வினிகர் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். படலம் மறைந்தால் அது கடின நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு. அமிலம் அதைக் கரைத்துவிட்டது. சவர்க்காரத்தாலும் வினிகராலும் போகாவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கலாம். அது மீளாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

வடிகட்டியைக் கழுவி, சவர்க்காரத்தை மாற்றி, வேறு முறையிலும் ஓட்டினால் தட்டு பளிச்சிடலாம். ஆனால் எது காரணம் என்று தெரியாது. அடுத்த முறையும் எல்லாவற்றுக்கும் செலவு செய்வீர்கள். எனவே ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்து வையுங்கள்.

எச்சரிக்கை: பெரியவர் துணையுடன், மின்சாரத்தை அடைத்த பிறகே உள்ளே கை வையுங்கள். சவர்க்காரம் காரத்தன்மை மிக்கது. கண்ணிலும் தோலிலும் படக்கூடாது.

இந்த வாரச் சோதனை

இயந்திரம் நின்று பத்து நிமிடத்தில் கதவைத் திறந்து வைத்தால் பிளாஸ்டிக் டப்பா நன்றாகக் காயுமா? ஒரு நாள் அப்படித் திறந்து வையுங்கள். நீராவி முகத்தில் படாமல் தள்ளி நில்லுங்கள். மறுநாள் கதவை மூடியே வையுங்கள். இரண்டு நாளும் ஒரு மணி நேரம் கழித்து டப்பாவைச் சமையலறைத் தராசில் நிறுத்து, உலர்ந்த டப்பாவின் எடையைக் கழியுங்கள். எஞ்சிய நீரின் அளவே சார்பு மாறி. தற்சார்பு மாறி எது? எவற்றையெல்லாம் மாறாமல் வைத்திருக்க வேண்டும்? சோதனையைத் தொடங்குமுன் எழுதிவிடுங்கள்.